அருவிப் பாதையில் பழைய தண்ணீர் ஆலை: தேடவும் படிக்கவும் பதியவும் ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டருவிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் பாசி படர்ந்த சுவர் ஒன்று தென்பட்டால், பலர் அதன் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு அருவியைப் பார்க்க நடந்துவிடுகிறார்கள். அந்தச் சுவர் ஆலையின் மிகச் சிறிய பகுதி. ஆற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்து, உயரம் குறையாமல் நடத்திக்கொண்டு வந்து, ஓரிடத்தில் விழவைத்து, வேலை முடிந்ததும் மறுபடி ஆற்றிலேயே சேர்த்த முழு ஏற்பாட்டுக்கும் பெயர்தான் ஆலை. அந்த ஏற்பாடு பல இடங்களில் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளும். கட்டடம் முழுக்க மண்ணோடு மண்ணாகப் போன பிறகும் தண்ணீர் வந்த தடம் நிற்கும். ஆகவே சுவரைத் தேடாதீர்கள், தண்ணீர் போன வழியைத் தேடுங்கள். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

அருவிக்குப் பக்கத்தில் ஆலை ஏன்

தண்ணீரிலிருந்து கிடைக்கும் திறன் இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து. விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பதை விழும் உயரத்தால் (மீட்டரில்) பெருக்கி, 9.81-ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். சமவெளியில் 5 மீட்டர் இறக்கம் வேண்டுமென்றால் கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்ட வேண்டும். அருவி உள்ள இடத்தில் அதே இறக்கம் சில பத்து மீட்டரில் கிடைத்துவிடுகிறது. சிறிய ஓடையைக்கூட வேலை வாங்க முடிந்தது இதனால்தான்.

ஆனாலும் ஆலையை அருவியின் நேர் அடியில் கட்டியவர்கள் குறைவு. வெள்ளத்தில் முதலில் போவது அந்த இடம்தான். வழக்கமான அமைப்பு இப்படி இருக்கும்: அருவிக்கு மேலே ஆற்றை மறித்து ஒரு தாழ்வான அணை, அங்கிருந்து பக்கச்சரிவில் தண்ணீரை ஆலைக்குக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால், அருவியைத் தாண்டிக் கீழே சற்று அகன்ற, வெள்ளம் எட்டாத மேட்டில் கட்டடம். அருவியின் அடியிலேயே தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்புகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஒரே ஓடையில் பல ஆலைகள் அடுக்காக இருந்ததும் உண்டு. மேல் ஆலை விட்ட தண்ணீரைக் கீழ் ஆலை எடுத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் மேட்லாக் அருகேயுள்ள லம்ஸ்டேல் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல உதாரணம்: மேலே குளங்கள், கீழே அருவியை ஒட்டிப் படிப்படியாக ஆலை இடிபாடுகள். இத்தாலியில் அமால்ஃபிக்கு மேலே வாலே தெல்லே ஃபெர்ரியேரே பள்ளத்தாக்கில் காகித ஆலைகளின் சுவர்களைக் கடந்துதான் அருவிகளுக்குப் போக வேண்டும். ஓர் ஆலையைக் கண்டுபிடித்தால் மேலும் கீழும் அடுத்ததைத் தேடுவது வழக்கமாகட்டும்.

படி 1: கிளம்பும் முன் வரைபடம்

பாதி கண்டுபிடிப்பு மேசையிலேயே முடிந்துவிடும். மூன்று வகை வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

முதலாவது பழைய நில அளவை வரைபடம். பிரிட்டனுக்கு 19-ஆம் நூற்றாண்டின் ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களை, ஒரு மைலுக்கு ஆறங்குலம், இருபத்தைந்து அங்குலம் என்ற அளவுகளில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்காவுக்கு 1880-களிலிருந்து வெளிவந்த யு.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை) நில அளவைத் தாள்கள் உள்ளன. ஊரை ஒட்டிய ஆலை என்றால் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் கட்டடத்தின் மாடிகளும் கட்டுமானப் பொருளும்கூடக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே இடத்தின் இரண்டு காலத் தாள்களை ஒப்பிடுங்கள். முதல் தாளில் 'ஆலை' என்றும் அடுத்ததில் 'பழைய ஆலை' என்றும் இருந்தால், அது நின்றுபோன காலம் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழுகிறது.

இரண்டாவது ஊர்ப்பெயர், ஓடைப்பெயர். மில், மூலின், மோலினோ, முலினோ, மியூலே, மெலின், தெயிர்மென் என்று அந்தந்த மொழியில் ஆலையைக் குறிக்கும் சொல் ஓடைக்கோ சந்துக்கோ பாலத்துக்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். 'மில்' என்பது ஆள் பெயராகவும் இருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

மூன்றாவதுதான் மிகப் பயனுள்ளது: லைடார் எனப்படும் லேசர் அளவீட்டிலிருந்து உருவாக்கிய நிழல்மேட்டுப் படம். மரங்களைக் கழித்துவிட்டுத் தரையை மட்டும் காட்டும். இங்கிலாந்துக்கும் அமெரிக்காவின் பெரும்பகுதிக்கும் இது அரசு அமைப்புகளிடம் இலவசமாகக் கிடைக்கிறது. 1 மீட்டர் துல்லியமுள்ள படம் வேண்டும். 5 மீட்டர் படத்தில் வரத்துக்கால் மறைந்துவிடும். வெளிச்சத்தின் திசையை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒளி வரும் திசையிலேயே ஓடும் பள்ளம் நிழல் விழாமல் ஒளிந்துகொள்ளும்.

படத்தில் தேட வேண்டியது, சரிவின் குறுக்கே ஏறத்தாழ மட்டமாகப் போகும் ஒரு மெல்லிய கோடு. மரம் இழுத்த பாதைகளும் அப்படித்தான் தெரியும். வேறுபாடு இது: பாதை ஏறும், இறங்கும், இன்னொரு பாதையில் போய்ச் சேரும். வரத்துக்கால் ஒருபோதும் ஏறாது. அதன் மேல்முனை ஓடையைத் தொடும், கீழ்முனை ஒரு தட்டையான குளப்பரப்பிலோ செங்குத்தான மேட்டு விளிம்பிலோ திடீரென்று முடியும். அந்தத் திடீர் முடிவுதான் ஆலை இருந்த இடம். அதன் ஆயத்தொலைவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பருவமும் பையும்

இலையுதிர் காடுகளில் இலை முழுக்க விழுந்த பிறகும் புதுத்தளிர் வரும் முன்பும் உள்ள மாதங்கள் சிறந்தவை. கோடையில் 10 மீட்டர் தள்ளி நிற்கும் சுவர்கூடத் தெரியாது. காலை பத்து மணிக்கு முன்போ மாலையிலோ சாய்வெயில் விழும் நேரம் நல்லது, ஏனென்றால் அரையடி ஆழப் பள்ளமும் அப்போது நிழலாகக் காட்டிக்கொடுக்கும். மெல்லிய பனி விழுந்த மறுநாள் இன்னும் தெளிவு. ஆற்றுக்குள் கிடக்கும் அணை அடித்தளத்தைப் பார்க்க மட்டும் கோடையின் குறைநீர்க் காலம் தேவை. ஆக ஒரே இடத்துக்கு இரண்டு முறை போவதாகத் திட்டமிடுங்கள்.

பையில்: 5 மீட்டர் உருளும் டேப், 30 மீட்டர் துணி டேப், 20 செ.மீ. அளவுகோல், திசைகாட்டி, நீரில் நனையாத குறிப்பேடும் பென்சிலும், நெற்றி விளக்கு, 10 மீட்டர் நீளமுள்ள ஒளிபுகும் ரப்பர் குழாய், நடைக்கோல். கைக்கோடரி, மண்வெட்டி, உலோகம் காட்டும் கருவி எதுவும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

நிலம் யாருடையது என்று முன்கூட்டியே பாருங்கள். அருவிப் பாதை பொதுவழியாக இருந்தாலும் பாதையை விட்டு இறங்கிய அடுத்த அடி தனியார் நிலமாக இருக்கலாம்.

படி 3: தண்ணீர்த் தடத்தைப் பிடிப்பது

அருவியின் தலைப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். ஓடையின் இரு கரைகளிலும் மேல்நோக்கி நடந்து, கரைப்பாறையில் இயற்கையாக இல்லாத மூன்றைத் தேடுங்கள்: நேர்விளிம்புள்ள கல் அடுக்கு, பாறையில் வெட்டிய சதுரக் குழிகள், எதிரெதிரே நிற்கும் செங்குத்தான காடிகள். சதுரக் குழி மர அணையின் கால் நட்ட இடம். ஜோடிக் காடி மதகுப் பலகை இறங்கி ஏறிய இடம். காடியின் அகலத்தை அளந்தால் பலகையின் தடிமன் தெரியும். இரு காடிகளின் இடைவெளி மதகின் அகலம்.

அணை முழுசாக நிற்பது அரிது. பெரும்பாலும் ஒரு கரையில் மட்டும் ஒரு கல்முட்டு மிஞ்சும். அது ஆற்றுக்கு நேர்க்குறுக்காக இல்லாமல் சாய்வாக நிற்கலாம். தண்ணீரை ஒரு கரைப்பக்கம் தள்ளவும் வெள்ளத்தின் அடியைத் தாங்கவும் சாய்த்துக் கட்டினார்கள். சாய்வின் கீழ்முனை எந்தக் கரையோ, வரத்துக்கால் பெரும்பாலும் அந்தக் கரையில் தொடங்கும். பாலத்தின் முட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பால முட்டு இரு கரையிலும் ஒரே நேரில் எதிரெதிராக நிற்கும், அதற்குப் பாதை வந்து சேரும். மீன்பிடிக்கப் போட்ட கல்வரிசை கீழ்நோக்கிய கூர்முனையோடு இருக்கும், மதகு இருக்காது.

அணையின் மேல்புறத்தைக் கவனியுங்கள். தேங்கிய நீரில் படிந்த நுண்மண் அங்கே பல அடி தடிமனில் தட்டையாகக் கிடக்கும். அணை உடைந்தபின் ஓடை அதைச் செங்குத்தாக அறுத்துக்கொண்டு போயிருக்கும். கல்லே இல்லாத, மென்மையான, பழுப்புக் கரைச்சுவர் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றால் சந்தேகப்படுங்கள்: அது ஆறு போட்ட கரை போலத் தோன்றும், ஆனால் குளத்தின் அடிமண். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 1840-க்குள் தண்ணீரால் ஓடிய ஆலைகள் 65,000-க்கும் மேல் இருந்தன. அங்கே இன்று இயற்கை என்று நினைக்கும் எத்தனையோ ஓடைக்கரைகள் இப்படி உருவானவைதான்.

இனி வரத்துக்காலில் நடக்க வேண்டும். அதன் வாட்டம் மிகக் குறைவு: பெரும்பாலும் 100 மீட்டருக்கு 10 முதல் 30 செ.மீ. வரைதான். ஓடை பக்கத்திலேயே செங்குத்தாக இறங்கிக்கொண்டிருக்க, வாய்க்கால் மட்டமாகப் போவதால் இரண்டுக்கும் இடையிலான உயரம் நடக்க நடக்கக் கூடிக்கொண்டே வரும். அந்த உயரம்தான் அவர்கள் சேமித்த சக்தி. இன்று மேல்சரிவு மண் சரிந்து பள்ளம் பாதி தூர்ந்திருக்கும். கண்ணுக்கு வாய்க்காலாகத் தெரியாமல், சரிவில் ஒரு மீட்டர் அகலப் படியாக மட்டும் தெரியும். கீழ்விளிம்பில் ஒரு சிறு வரப்பு ஓடுகிறதா பாருங்கள். வரப்பு இருந்தால் வாய்க்கால். இல்லாமல் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் பழைய பாதை.

தடம் அறுந்துபோனால் பின்னால் தள்ளி நின்று கடைசியாகத் தெரிந்த விளிம்பைக் கண்ணால் மட்டமாக நீட்டிப் பாருங்கள். குறுக்கே சிற்றோடை பாயும் இடங்களில் மரத்தூம்பில் தண்ணீரைத் தாண்டவைத்திருப்பார்கள். தூம்பு மக்கிப்போயிருக்கும், அதைத் தாங்கிய கல்தூண் இரண்டு மிஞ்சியிருக்கும். வழியில் எங்கோ கரை தாழ்ந்து, கல் பாவிய ஒரு வெட்டு ஓடையை நோக்கி இறங்கினால் அது கலிங்கு. மிகைநீரை வெளியேற்றாவிட்டால் முதல் பெருமழையிலேயே கரை உடையும். ஆகவே கலிங்கு இல்லாத வரத்துக்கால் மிக அரிது. அது தெரியவில்லை என்றால் தூர்ந்திருக்கிறது என்று பொருள்.

செடிகளும் பேசும். நீர் தேங்கிய பழைய குளப்பரப்பில் கோரையும் ஆல்டர் மரமும் சுற்றியுள்ள காட்டிலிருந்து வேறாக நிற்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காட்டு நடுவே டாஃபடில், ஸ்னோட்ராப், வின்கா போன்ற தோட்டச் செடிகளோ தனி ஆப்பிள் மரமோ தென்பட்டால் அங்கே ஆள் குடியிருந்திருக்கிறார். அடர்ந்த காஞ்சொறி, மனிதர் வாழ்ந்த மண்ணில் மிஞ்சிய பாஸ்பேட்டைக் காட்டும்.

இடிபாட்டுக்குள் கால் வைக்கும் முன்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிட வேண்டாம்.

தண்ணீர்ச் சக்கரம் சுழன்ற சக்கரக்குழி இரண்டு முதல் நான்கு மீட்டர் ஆழம் இருக்கும். அதன்மேல் கிளை விழுந்து, இலை விழுந்து, பாசி மூடித் தரை போலவே காட்சியளிக்கும். சுவர்களுக்கு நடுவே மட்டமான இலைப்படுகை எதைக் கண்டாலும் கோலால் குத்திப் பார்க்காமல் மிதிக்காதீர்கள். சுண்ணாம்புக் கலவை கரைந்துபோன சுவர் தன் எடையால் மட்டுமே நிற்கிறது. சுவரின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள். மழைக்குப் பின்னும், உறைபனி இளகும் நாட்களிலும் அதைவிடவும் தள்ளி. வாசல் வளைவின் நடுக்கல் இறங்கியிருந்தால் அதனடியில் போகவே கூடாது.

சுவரில் படர்ந்த ஐவி கொடியைப் பிடுங்குவது மிகப் பொதுவான தவறு. அதன் வேர்தான் பல இடங்களில் கல்லைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இழுத்தால் கொடியோடு கல்லும் வரும்.

வேலை முடிந்த தண்ணீர் வெளியேறும் வடிகால் சுரங்கத்துக்குள் நுழையாதீர்கள். காற்று கெட்டிருக்கலாம், கூரை தளர்ந்திருக்கலாம், மேலே பெய்த மழை நிமிடங்களில் உள்ளே நிறையலாம். குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்கும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அவற்றைக் கலைப்பது சட்டப்படி குற்றம். ஓடையில் நிற்கும்போது தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, அருவியின் ஓசை கனத்தாலோ உடனே மேடேறுங்கள். இன்னும் தண்ணீர் வழியும் தாழ்வான அணையின் அடியில் இறங்கவே வேண்டாம். அங்கே நீர் மேலும் கீழுமாகச் சுழன்று ஆளை அணைப்பக்கமே இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் வெளியே வர முடியாது.

படி 4: சக்கரக்குழியைப் படிப்பது

ஆலையின் உயிர் இங்கேதான். நெருக்கமாக நிற்கும் இரண்டு இணைச்சுவர்கள், அடியில் ஓடையை நோக்கிய திறப்பு: இதுதான் சக்கரக்குழி. முதலில் அகலத்தை அளவுங்கள். அதிலிருந்து பக்கத்துக்கு 10 செ.மீ. கழித்தால் சக்கரத்தின் அகலம் ஏறத்தாழக் கிடைக்கும்.

அடுத்து, சுவரில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். சக்கரம் ஆடி உரசிய வில்வடிவக் கீறல்கள் தெரியலாம். அவை கிடைத்தால் சக்கரத்தின் அளவையே கணக்கிடலாம். வில்லின் இரு முனைகளுக்கு இடையே நேராக அளந்தது நாண். நாணின் நடுவிலிருந்து வில்வரை உள்ள தூரம் வில்லுயரம். நாணைத் தன்னாலேயே பெருக்கி, வில்லுயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, வில்லுயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். நாண் 2 மீட்டர், வில்லுயரம் 20 செ.மீ. என்றால்: 4-ஐ 1.6-ஆல் வகுக்க 2.5, அதோடு 0.1 கூட்ட 2.6 மீட்டர். சக்கரத்தின் விட்டம் 5.2 மீட்டர். வில்லுயரத்தில் ஒரு செ.மீ. பிசகினாலும் விடை நிறைய மாறும். அதனால் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். சுண்ணாம்புச்சத்துள்ள நீர் என்றால் கீறலுக்குப் பதிலாக வெள்ளைப் படிவம் அதே வளைவைக் காட்டும்.

இனி தண்ணீர் எங்கே விழுந்தது என்று பாருங்கள். வரத்துக்கால் குழியின் மேல்விளிம்பு உயரத்திலேயே வந்து முடிந்தால் மேல்விழு சக்கரம். குழியின் பின்சுவர் சக்கரத்தைத் தழுவியபடி வளைத்துக் கட்டியிருந்தால் தண்ணீர் இடுப்பு உயரத்தில் ஏறிய நடுவிழு சக்கரம். அடியில் நேராக ஓடும் கல்தளம் மட்டும் இருந்தால் கீழ்த்தள்ளு சக்கரம். ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் மாதிரிச் சக்கரங்களை வைத்துச் செய்த சோதனைகளை 1759-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். ஒரே அளவு தண்ணீரில் மேல்விழு சக்கரம் கீழ்த்தள்ளு சக்கரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்தது. அருவிப் பகுதிகளில் மேல்விழு சக்கரங்களே மிகுதியாக இருப்பது இதனால்தான்.

மொத்த இறக்கத்தை அளக்கக் கைப்பேசியின் உயரக்கணக்கை நம்பாதீர்கள். மரத்தடியில் பத்து மீட்டர்கூடப் பிசகும். ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால் இரு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும். ஒரு முனையை வரத்துக்காலின் அடித்தளத்தோடு ஒட்டி, மறுமுனையிலிருந்து தரைக்கு டேப்பால் அளந்து, படிப்படியாக இறங்கிக் கூட்டுங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழ் ஒன்று இருந்தாலும் அளவு பொய்யாகும்.

ஓடையின் அளவுக்கு ஒரு சுள்ளி போதும். நேரான 10 மீட்டர் தூரத்தை அது கடக்க 20 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். ஓடை 1.2 மீட்டர் அகலமும் சராசரி 25 செ.மீ. ஆழமும் இருந்தால் குறுக்குப் பரப்பு 0.3 சதுர மீட்டர். கல் நிறைந்த அடியில் மேற்பரப்பை விடக் கீழே மெதுவாக ஓடும். ஆகவே 0.65-ஆல் பெருக்க வேண்டும். விநாடிக்கு ஏறத்தாழ 97 லிட்டர் வருகிறது. 5 மீட்டர் இறக்கத்தில் அது 4.8 கிலோவாட். சக்கரம் 60 சதவீதம் பிடித்துக்கொண்டால் 2.9 கிலோவாட். ஒரு ஜோடி அரைகல்லை ஓட்டச் சில கிலோவாட் போதும் என்பதால், 'இந்தச் சின்ன ஓடையா?' என்ற சந்தேகம் இந்தக் கணக்கில் தீர்ந்துவிடும்.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். 5.2 மீட்டர் சக்கரத்தின் விளிம்பு விநாடிக்கு 2 மீட்டர் ஓடினால் நிமிடத்துக்கு ஏழு சுற்றுக்குச் சற்று மேல். 1.2 மீட்டர் அரைகல்லோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 சுற்று ஓட வேண்டும். பதினாறு மடங்கு வேகமேற்றம். இதற்குப் பெரிய பற்சக்கரம் வேண்டும், அது பாதி தரைக்குள் இறங்கும். சக்கரக்குழியின் உட்புறச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஒடுங்கிய நீள்குழி தெரிந்தால் அதுதான் இடம். நடுவே சுவரில் உள்ள துளை அச்சு நுழைந்த வழி. துளைக்கு அடியில் வழுவழுப்பாகத் தேய்ந்த குழிவான கல் கிடந்தால், அச்சு உட்கார்ந்து சுழன்ற தாங்கி அது.

சக்கரக்குழியே இல்லாமல் வட்டமான ஆழ்குழியும், ஆணி அடித்து இணைத்த பெரிய இரும்புக் குழாயும் இருந்தால், அங்கே சக்கரத்துக்குப் பதில் டர்பைன் ஓடியிருக்கிறது. பிரான்ஸில் பொறியாளர் ஃபூர்னேரோன் 1827-இல் தன் டர்பைனை ஓட்டினார். டர்பைனின் இன்னொரு வகையான பெல்டன் சக்கரம் 1880-இல் காப்புரிமை பெற்றது. பல ஆலைகள் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதே குழியில் டர்பைன் வைத்தன. இரண்டின் தடயமும் ஒரே இடத்தில் கிடைப்பது குழப்பமல்ல, அந்த ஆலையின் வரலாறு.

படி 5: என்ன அரைத்தது, என்ன செய்தது

அரைகல் இல்லாத ஆலை இடிபாடுதான் அதிகம். கட்டடத்தின் உருவமே முதல் சான்று. மாவாலை சரிவில் முதுகு சாய்த்துக் கட்டப்பட்டிருக்கும்: மேல்மாடிக்குப் பின்பக்கம் வண்டி வந்து தானியம் இறக்கும், கீழே மாவு வெளியே போகும். மரம் அறுக்கும் ஆலை நீளமாக, ஒடுக்கமாக, கல்வேலை குறைவாக இருக்கும். அங்கே இலைமண்ணுக்கு அடியில் நார்நாரான மரத்தூள் அடுக்கு தெரியும், ஓடை அரித்த விளிம்பில் பார்த்தாலே போதும். நெசவாலையைச் சன்னல்கள் காட்டிக்கொடுக்கும்: ஒரே அளவில், ஒரே இடைவெளியில், பல மாடி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்வீட்வாட்டர் ஓடையோரம் நியூ மான்செஸ்டர் ஆலையின் செங்கல் சுவர்கள் அப்படித்தான் நிற்கின்றன. ஐந்து மாடியாக இருந்த அதை அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864 ஜூலையில் வடபடை எரித்தது.

வெடிமருந்து ஆலை தனி இனம். கட்டடங்கள் ஒன்றுக்கொன்று வேண்டுமென்றே தள்ளித்தள்ளி இருக்கும். மூன்று பக்கம் மிகத் தடித்த சுவர், நான்காம் பக்கமும் கூரையும் இலேசானவை. வெடித்தால் அந்தப் பக்கமாகப் போகட்டும் என்பதற்காக. இங்கிலாந்தில் கார்ன்வாலின் கென்னல் வேல் காட்டில் ஓடையோரமாக இந்த வரிசையை இன்றும் பார்க்கலாம். கண்ணாடி போல் பளபளக்கும் கருமை அல்லது பச்சைக் கசடுக்கட்டி கனமாகக் கையில் தட்டுப்பட்டால் இரும்பு வேலை நடந்த இடம். காட்டில் 6 முதல் 10 மீட்டர் அகலமுள்ள வட்டமான தட்டை மேடைகளும் கரித்தூளும் இருந்தால், அங்கே கரி சுட்டிருக்கிறார்கள். அது ஆலை அல்ல, ஆனால் இரும்பாலை அருகில் இருக்கக்கூடும் என்பதன் சாடை.

படி 6: அரைகல்லைப் பார்ப்பது

கல் கிடைத்தால் நிதானமாக உட்காருங்கள். நடுத்துளையைச் சுற்றி இரும்புச் சிலுவையோ பட்டையோ பொருத்திய பள்ளம் இருந்தால் அது சுழன்ற மேல்கல். வெறும் துளை மட்டும் என்றால் அசையாத கீழ்கல்லாக இருக்கலாம். முகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் சால்களைப் பாருங்கள். இரண்டு கல்லிலும் சால் ஒரே திசையில் வெட்டப்படும். ஒன்றைக் கவிழ்த்து வைத்ததும் எதிர்த்திசையாகி, சுற்றும்போது கத்தரிக்கோல் போல் தானியத்தை வெட்டும், மாவை வெளியே தள்ளும். சால் ஆழமாக இருந்தால் கொத்தி நாளாகாத கல். முகம் வழுக்கையாகத் தேய்ந்திருந்தால் ஆயுள் முடிந்து கழற்றிப் போட்டது.

பல துண்டுகளைப் பொருத்தி இரும்பு வளையத்தால் இறுக்கிய கல், பிரான்ஸின் லா ஃபெர்தே-சூ-ஜுவார் பகுதியில் வெட்டிய கடினமான படிகக்கல்லாக இருக்க வாய்ப்பு மிகுதி. வெள்ளை மாவுக்காகக் கடல் கடந்து வாங்கியது. அந்த ஆலை ஊருக்கு மட்டும் அரைக்காமல் சந்தைக்கும் அரைத்தது என்று கொள்ளலாம். முகத்தில் சாலே இல்லாமல் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், அது நின்றபடி உருண்ட கல்: வெடிமருந்து, தோல் பதனிடும் மரப்பட்டை, எண்ணெய் வித்து போன்றவற்றை நசுக்கியது.

ஓர் எச்சரிக்கை. அரைகல்லைப் படிக்கல்லாகவும் பாலத்துக்கும் மறுபடி பயன்படுத்துவது எங்கும் வழக்கம். கல் கிடந்த இடமே ஆலை என்று முடிவு செய்யாதீர்கள். சக்கரக்குழி ஒத்துக்கொள்ள வேண்டும்.

காலத்தைக் கணிக்கக் கல் வெட்டிய தழும்பு உதவும். அமெரிக்காவின் வடகிழக்கில் விளிம்பில் தட்டையான ஒடுங்கிய வெட்டுகள் இருந்தால் சுமார் 1830-க்கு முந்தைய முறை. அரைவட்டத் துளைத் தழும்புகள் வரிசையாக இருந்தால் அதற்குப் பிந்தையது. சிமென்ட் கான்கிரீட் பூச்சு பெரும்பாலும் பிற்காலப் பழுதுபார்ப்பு. அதை வைத்து ஆலைக்கு வயது சொல்லக் கூடாது.

படி 7: தொடாமல் பதிவது

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று படம்: தூரத்திலிருந்து சுற்றுப்புறத்தோடு, நடுத்தூரத்தில் முழுப்பொருள், நெருக்கத்தில் அளவுகோலோடு. படத்தின் எண்ணையும் நோக்கிய திசையையும் அப்போதே எழுதுங்கள். பிறகு ஒரு கைவரைபடம்: அணையில் தொடங்கி வடிகால் ஓடையில் சேரும் இடம்வரை ஒரே தாளில். எட்டு வைத்து அளந்தால் போதும், ஆனால் சக்கரக்குழியை டேப்பால் அளவுங்கள். ஆயத்தொலைவு எடுக்கும்போது கைப்பேசியை ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துவிட்டுக் குறியுங்கள்.

பாசியைச் சுரண்டி எழுத்தைத் தேடுவது, சுண்ணக்கட்டியால் அரைகல்லின் சால்களை நிரப்புவது, ஆணி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது இவற்றில் எதையும் செய்யாதீர்கள். இடத்திலிருந்து எடுத்த ஆணி வெறும் துருத்துண்டு. எந்தச் சுவரின் எந்த மட்டத்தில் இருந்தது என்பதுதான் அதன் மதிப்பு. சட்டமும் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி நிலங்களில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதே 1979-இல் பிரிட்டனில் வந்த சட்டப்படி, பட்டியலிட்ட நினைவிடங்களில் அனுமதியின்றி உலோகம் காட்டும் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம்.

பதிவின் ஒரு படியை நில உரிமையாளருக்கும், இன்னொன்றை அந்தப் பகுதியின் தொல்லியல் அல்லது மரபு அலுவலகத்துக்கும் கொடுங்கள். பொதுவெளியில் படம் போடலாம், துல்லியமான இடத்தைப் போட வேண்டாம். அரைகல் திருட்டு உண்மையிலேயே நடக்கிறது, தோட்ட அலங்காரத்துக்கு.

குறைநீர்க் காலத்தில் மறுபடி போகும்போது அணைமுட்டிலிருந்து எதிர்க்கரைவரை ஓடையின் அடியை மெதுவாகப் பார்த்துக்கொண்டே கடக்கவும். நீருக்கடியில் காற்றுப் படாத மரம் மக்காது. சரளைக்கு நடுவே கறுத்த சதுர உத்திரம் ஒன்று, அதில் இரும்பு முளை அடித்த துளையோடு தெரிந்தால், அதுவே மர அணையின் அடிச்சட்டம். முதல் முறை கரையில் வரைந்த படத்தில் அதன் இரு முனைகளையும் குறித்துவிடுங்கள். அணை எந்தக் கோணத்தில் நின்றது, வரத்துக்கால் ஏன் அந்தக் கரையில் தொடங்கியது என்பது அந்தக் கோட்டைப் போட்டதும் தாளிலேயே தெரிந்துவிடும்.